திட்டிவாசலுக்கு இடது பக்கம்

“பனி என்ன, தானா நடந்தா போச்சு?”

இப்படித்தான் ஐயா பேசிக்கொண்டார்கள். என் காதாலேயே கேட்டேன். போன ஞாயிறு, காலைப் பிரசங்கம் முடிந்து மதியப் பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால், குதிரைக்கு வைக்கோல் போட ஜெபவீட்டின் பின்பக்கம் போனேன். சுவர் மூலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். யார் என்று சொல்லமாட்டேன். புறம் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஒருத்தி கொல்லன் பெண்சாதி. அவள் சொல்கிறாள், மற்றவள் சிரிக்கிறாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கும் பனி விழும் போலிருக்கே, சகோதரி” என்றார்கள்.

அதனால்தான் நீங்கள் வந்தது நல்லதாய்ப் போயிற்று. நெருப்புப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். சூப் கொதிக்கட்டும். பாஸ்டனிலிருந்து இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், அதுவும் அடுத்த வீட்டு டார்கஸின் மனைக்காக. அந்த மனை அவளுக்கா எங்களுக்கா என்று அங்கேயிருக்கிற பெரியவர்களிடம் போய்ச் சொல்லப்போகிறவர் நீங்கள். போதகர் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்றால் அவர் பக்கத்துக் கதையைக் கேட்டிருப்பீர்கள். கொல்லன் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இப்போது என் வாயாலும் கேளுங்கள். நான், ஹெப்ஸிபா, பொய் சொன்னேன் என்று இந்தக் கோல்ட்புரூக்கில் ஒருத்தரும் சொல்லமுடியாது.

அங்கே உட்கார்ந்திருக்கிறவளைப் பொருட்படுத்தாதீர்கள். அது என் மகள் கெசியா. நாற்காலி இருக்கும்போது தரையில்தான் உட்காருவாள். கையில் எந்நேரமும் மான்தோலும் ஊசியும். நம் பேச்சு அவளுக்குச் சுத்தமாய் மறந்துபோயிற்று. ஏழு வயதில் காட்டு ஆட்கள் கொண்டுபோனார்கள், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள். நாம் எது பேசினாலும் அவளுக்கு ஒன்றுதான். நீங்கள் தைரியமாய்க் கேளுங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் வந்தபோது இந்த நிலம் சும்மா கிடந்தது. சும்மா என்றால், சோளம் போட்ட மேடுகள் இருந்தன. எங்களுக்கு முன்னாலிருந்தே இங்கே இருந்த காட்டு ஆட்கள் தானியம் புதைத்து வைக்கிற குழிகள் இருந்தன. ஆற்றில் மீனை மடக்க அவர்கள் போட்ட கல்வரிசைகூட இருந்தது. முதல் குளிர்காலத்தில் அந்தக் குழிகளில் கிடைத்த சோளத்தைத்தான் சாப்பிட்டோம். ஆண்டவர் வழிகாட்டினார். ஆனால் வேலி இருந்ததா? இல்லை. வேலி இல்லாத நிலம் யாருடையது, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் நம் இங்கிலாந்து அரசிக்கும் பிரெஞ்சு ராஜாவுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ தகராறு. அது இங்கே எங்கள் தலையில் வந்து விடிந்தது. கனடாவிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லை ஊர்களை ஒவ்வொன்றாய்க் கொளுத்தினார்கள். தூங்குகிற ஜனங்களை, பிள்ளைத்தாய்ச்சிகளை. மனுஷர்கள் செய்கிற வேலையா அது? நம் ஆட்களும் முந்தின கோடையில் ஆற்றுக்கு மேலே போய் அவர்கள் ஊர் ஒன்றைக் கொளுத்திவிட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் எபனேசரும் போயிருந்தார். அது வேறு. அது போர்.

அதனால் ஊர் கூடி மதில் எழுப்பினோம். கல் இல்லை, மரம். ஒன்றரை ஆள் உயர மரங்களைக் கூர்சீவி நெருக்கி நட்டு ஊரைச் சுற்றி வளைத்தோம். கட்டியாயிற்று. யார் பார்த்துக்கொள்வது? வீட்டுக்கு ஒரு பாகம். உன் பாகத்தில் மரம் உளுத்தால் நீ மாற்ற வேண்டும். உன் பாகத்தில் பனி சேர்ந்தால் நீ வார வேண்டும். உன் பாகத்தால் ஊருக்குக் கேடு வந்தால் உன் மனையை ஊர் எடுத்துக்கொள்ளும். எல்லாரும் கை தூக்கி ஒத்துக்கொண்டதுதான். டார்கஸின் புருஷனும் கை தூக்கினான். அப்போது உயிரோடு இருந்தான், பாவம். அந்த இலையுதிர் காலத்திலேயே அறுப்பு அறுக்கப்போன இடத்தில் காட்டு ஆட்கள் சுட்டுவிட்டார்கள்.

பனி சேர்ந்தால் என்ன என்று கேட்கிறீர்கள். நீங்கள் கடற்கரை ஆள், உங்களுக்குத் தெரியாது. இங்கே மதிலின் வெளிப்பக்கம் பனி சரிவாய் ஏறும். வெயில் பட்டு மேலாக உருகி, திரும்ப உறைந்தால் கல் மாதிரி இறுகிவிடும். ஆள் ஏறினால் கால் புதையாது. அப்புறம் அது பனியில்லை ஐயா, படிக்கட்டு.

எங்கள் வீடும் அவள் வீடும் மதிலை ஒட்டி அடுத்தடுத்து. நடுவில் திட்டிவாசல் இருக்கிறதே, ஒரு ஆள் குனிந்து போகிற சின்ன வாசல், நீங்கள்கூட அது வழியாகத்தான் வந்திருப்பீர்கள். அதைத் தாண்டி வெளியே கால் வைத்தால் வலது கைப்பக்கம் எங்கள் பாகம், இடது கைப்பக்கம் அவள் பாகம். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் பாகத்தில் மரத்தின் அடி வரைக்கும் தெரியும். ஒரு கைப்பிடி பனி நிற்காது. அவள் பாகத்தில் என்னவென்றால் மதிலில் பாதி உயரத்துக்குப் பனி. காற்று ஒன்றுதான், வானம் ஒன்றுதான். எங்கள் பக்கம் சுத்தம், அவள் பக்கம் குவியல். இதிலிருந்தே தெரியவில்லையா, யார் பொறுப்பானவர்கள், யார் சோம்பேறி என்று?

வாருவாள், வாரவில்லை என்று சொல்லமாட்டேன். காலையிலும் வாருவாள், மாலையிலும் வாருவாள். ஒண்டிப் பொம்பளை, எவ்வளவு வாருவாள்? முடியவில்லையென்றால் மனையைக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எபனேசர் நல்ல மாதிரியாய்ச் சொல்லிப் பார்த்தார். கேட்டாளா? ரோஷம்.

எங்கள் முற்றமா? எங்கள் முற்றம் கண்ணாடி மாதிரி இருக்கும் ஐயா. போதகரே புகழ்ந்திருக்கிறார். அப்போது ஜேபஸ் என்று ஒரு வேலையாள் இருந்தான், எருது மாதிரி. விடிந்ததும் முற்றத்துப் பனியையெல்லாம் வாரிச் சறுக்குவண்டியில் ஏற்றி, திட்டிவாசல் வழியாய் இழுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வருவான். நாளைக்கு எத்தனையோ நடை. திரும்பி வரும்போது காலி வண்டியில் இந்தக் கெசியா ஏறி உட்கார்ந்துகொண்டு, “ஓடு ஜேபஸ், ஓடு” என்று கத்திக்கொண்டே வருவாள். அப்போது எவ்வளவு பேச்சு தெரியுமா இவளுக்கு? இப்போது பாருங்கள், ஊசியைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியே எங்கே கொட்டினானா? வெளியே, ஐயா. வெளியே என்றால் வெளியே. ஆற்றுச் சரிவு வரைக்கும் இழுத்துப்போக முடியுமா, மரத்துக்கு மரம் காட்டு ஆட்கள் ஒளிந்திருக்கிற காலத்தில்? வாசல் பக்கத்திலேயே எங்கேயோ கொட்டிவிட்டு ஓடி வருவான். அவன் எந்தப் பக்கம் கொட்டினான் என்று குளிரில் நின்று யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

அவள் வந்தாள் சண்டைக்கு. இதோ, இதே வாசற்படியில் நின்றாள்.

“சகோதரி, உங்க ஜேபஸ்கிட்ட கொஞ்சம் சொல்லிவைங்க.”

“என்ன சொல்லணும்?”

“உங்களுக்கே தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்? எங்க முற்றத்தைச் சுத்தமா வெச்சுக்கறது ஒரு தப்பா?”

“முற்றம் சுத்தந்தான். அதுல கிடந்தது எங்க போச்சு?”

“பனி வானத்துலேர்ந்து விழுது, டார்கஸ். குறை இருந்தா அங்க போய்ச் சொல்லு.”

ஊர்க்கூட்டத்திலும் போய் முறையிட்டாள். அந்த வருஷம் எபனேசர் ஊர்ப்பெரியவர்களில் ஒருவர். சொந்த வீட்டு விவகாரம் என்பதால் அவர் அதிகம் பேசவில்லை. ஒரே வார்த்தை சொன்னார்: “அவங்கவங்க பாகத்துப் பனி அவங்கவங்க பொறுப்பு.” எவ்வளவு நியாயமான மனுஷர் பாருங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அந்த வானத்துப் பேச்சைத் திரும்பச் சொன்னேன், கூட்டமே சிரித்தது. கொல்லன் பெண்சாதியும் அன்றைக்குச் சிரித்தவள்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை முழுக்கக் கொட்டித் தீர்த்தது. ஞாயிறு நல்ல வெயில். எங்களுக்கு சனிக்கிழமை சூரியன் சாய்ந்ததிலிருந்து ஞாயிறு சாய்கிற வரைக்கும் ஓய்வுநாள். அடுப்பில் புது விறகு வைக்கக்கூட யோசிப்போம். மதியப் பிரசங்கம் முடிந்து வருகிறேன், இந்த டார்கஸ் பனிவாரியைத் தோளில் போட்டுக்கொண்டு திட்டிவாசல் பக்கம் போகிறாள். ஓய்வுநாளில்! ஊர் முழுக்க ஜெபவீட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. நான் பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன காரியம் பண்றே, டார்கஸ்?”

“விடுங்க சகோதரி. வெயில்ல மேலாக உருகிட்டிருக்கு. ராத்திரி உறைஞ்சா பாறையாயிடும். அப்புறம் என் கைக்கு அசையாது.”

“ஆண்டவர் ஆறு நாள் குடுத்திருக்காரே, அது போதாதா?”

“ஆறு நாளும் உங்க வீட்டுப் பனியைத்தான் வாரினேன்.”

பார்த்தீர்களா, எப்படிப்பட்ட வாய்! அத்தனை பேர் நின்று கேட்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பனிவாரியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். விடவில்லை, இழுத்தாள். நானும் இழுத்தேன். கடைசியில் விட்டுவிட்டாள். “நாளைக்குக் காலையில போதகர் முன்னால வந்து வாங்கிக்கோ” என்றேன். அதோ கதவு மூலையில் சாய்ந்திருக்கிறதே, அதுதான். கைப்பிடியில் அவள் புருஷன் செதுக்கின அடையாளம்கூட இருக்கும். நல்ல மரம். இன்னும் புழங்குகிறோம்.

சூரியன் சாய்ந்ததும் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நீங்களும் போதகர் மாதிரியே கேட்கிறீர்கள். வந்து கேட்டாள்தான். கதவைத் தட்டினாள். நாங்கள் குடும்ப ஜெபத்தில் இருந்தோம் ஐயா. திரும்பத் திரும்பத் தட்டினாள். ஜெபத்தில் பாதியில் எழுந்திருப்பது முறையா? கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது. சரி, புத்தி வந்து போய்விட்டாள் என்று நினைத்தேன். வெறும் கையாலும் சமையல்கட்டுத் தட்டாலும் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு காவல்காரன் சொன்னான். பைத்தியக்காரி.

மறுநாள் பால் கறக்கிற நேரத்துக்கு வந்தார்கள்.

எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்ல நான் தேவையில்லை, விடிந்தபிறகு காலடித் தடம் எல்லாருக்கும் தெரிந்தது. டார்கஸின் பாகத்தில் பனி மதில் உச்சி வரைக்கும் இறுகிக் கிடந்தது. ஆற்றுப்பக்கத்திலிருந்து நடந்து வந்து, நடந்தபடியே ஏறி, உள்ளே குதித்திருக்கிறார்கள். முதல் கத்தல் கேட்பதற்குள் தெருவில் இறங்கியாயிற்று. ஜேபஸ் தொழுவத்தில் பால் வாளியோடு விழுந்தான். மேல்தெருவில் கூரை எரிகிற சத்தம். நானும் எபனேசரும் நிலவறைக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொண்டோம்.

கெசியாவா? கெசியா அப்போது வீட்டில் இல்லை ஐயா. விடிந்தும் விடியாமல் டார்கஸ் வீட்டுக்கு ஓடியிருந்தாள். சின்னப் பெண்ணை மேப்பிள் பாகு கொடுத்துப் பழக்கிவைத்திருந்தாளே, அவளுக்குத்தான் பிள்ளையில்லையே. கூப்பிட்டேனா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டேன். மனசுக்குள் கூப்பிட்டேன். சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தால் நாங்கள் எல்லாரும் போயிருப்போம்.

எழுந்து வந்தபோது புகைதான் மிச்சம். செத்தவர்கள் போக மற்றவர்களை வடக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உறைந்த ஆற்றின் மேலேயே நடக்கவைத்து, கனடா வரைக்கும். வழியில் நடக்கமுடியாதவர்களை அங்கேயே முடித்துவிடுவார்களாம். தப்பி வந்த ஒருவன் சொன்னான், டார்கஸ் என் மகளைப் போர்வையால் முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாளாம். இவள் அழாமலிருக்கக் காது பக்கம் ஏதோ கதை சொல்லிக்கொண்டே போனாளாம். காட்டு ஆள் ஒருவன் இவள் காலைப் பார்த்துவிட்டு, தன் பிள்ளைக்கு வைத்திருந்த மான்தோல் செருப்பை எடுத்து மாட்டிவிட்டானாம். எனக்குச் சொல்ல வந்துவிட்டான், பெரிய விஷயம் மாதிரி. தூக்கினாள், சரி. அவள் பாகத்து வழியாய் வந்தவர்கள்தானே கொண்டுபோனார்கள்? அவள்தானே தூக்கவேண்டும்?

ஊர் கூடியது. பெரிதாய் வாதம் ஒன்றும் இல்லை. எங்கே ஏறினார்கள்? டார்கஸ் பாகத்தில். சட்டம் என்ன? மனை ஊருக்கு. அந்தப் பாகத்து மதிலை இனி யார் பார்த்துக்கொள்வது? அடுத்த வீட்டுக்காரர்தான் வசதி. நாங்கள் கேட்கவில்லை ஐயா, கொடுத்தார்கள். நல்ல கிணறு அந்த மனையில். தெற்குப் பார்த்த ஆப்பிள் மரங்கள். பாதி எரிந்த வீட்டுக்குக் கூரை போட்டு ஆடுகளைக் கட்டினோம். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

ஒன்பது வருஷம். எபனேசர் போன இலையுதிர் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். இப்போது சமாதானம் என்றார்கள், பிடித்துப்போனவர்களை விடுகிறார்கள் என்றார்கள். ஒரு நாள் பார்த்தால் வாசலில் டார்கஸ் நிற்கிறாள், கிழவி மாதிரி. பிரெஞ்சுக்காரன் ஒருவன் வீட்டில் துணி வெளுத்துக் கிடந்தாளாம். பக்கத்தில் இவள். காட்டுக் குடும்பம் ஒன்று இவளை மகளாய் வளர்த்ததாம். அனுப்ப மனசில்லாமல் ஆற்றங்கரை வரைக்கும் வந்து அழுதார்களாம், வெட்கங்கெட்டதுகள். இவளும் முதலில் வரமாட்டேன் என்றாளாம். டார்கஸ் கிளம்பின பிறகு பின்னாலேயே ஓடிவந்தாளாம். அப்படி டார்கஸ் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பெற்றவளைப் பார்க்கத்தான் ஓடிவந்திருப்பாள், பின்னே எதற்கு?

நான் கட்டிக்கொண்டு அழுதேன். இவள் மரம் மாதிரி நின்றாள்.

வந்த மறுநாளே டார்கஸ் மனையைக் கேட்டாள். வெட்கமில்லாமல். ஆடுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அந்த வீட்டிலேயே வைக்கோல் போட்டுப் படுக்கிறாள். நானும் பார்த்தேன், “இது எங்க தொழுவம், சகோதரி” என்று சொல்லிவிட்டேன். “தெரியும் சகோதரி, ஆடுங்க சொல்லிச்சு” என்கிறாள். அந்த வாய் மட்டும் ஒன்பது வருஷத்தில் குறையவில்லை. கெசியா தினமும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள். இரண்டு பேரும் வடக்கே கற்றுக்கொண்ட பாஷையில் என்னவோ பேசிச் சிரிக்கிறார்கள். இனிமேல் போகக்கூடாது என்று நேற்றுதான் சொல்லி வைத்தேன். அது மட்டும் புரிந்தது போலிருக்கிறது, இன்றைக்குப் போகவில்லை.

இவ்வளவுதான் ஐயா. நீங்களே சொல்லுங்கள், மனை யாருக்கு? ஜேபஸ் எந்தப் பக்கம் கொட்டினான் என்று திரும்பவும் கேட்கிறீர்களே. எபனேசர் இல்லை, ஜேபஸ் இல்லை. டார்கஸ் சொல்வது அவள் பக்கம். நான் சொல்வதை நீங்கள் என் பக்கம் என்பீர்கள். வேறு யார் பார்த்தார்கள்? எங்கள் பக்கம்தான் கொட்டினோம். ஆமாம். எங்கள் பக்கம். வலது பக்கம். தினமும் கொட்டி, தினமும் வாரினோம். அப்படியே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

எழுந்துவிட்டாளா? விறகுக்குப் போகிறாள். சொல்லாமலே வேலை செய்வாள், அந்த ஒரு குணம் நல்லது. கெசியா, கதவைச் சாத்திக்கொண்டு போ. அது எதற்கு? அந்தப் பனிவாரியை வை. வை என்கிறேன். பார்த்தீர்களா, காதிலேயே விழுவதில்லை.

முற்றம் வாரப்போகிறாள் போலிருக்கிறது. நேற்று இரவு விழுந்ததே. உட்காருங்கள் ஐயா, ஜன்னலில் என்ன இருக்கிறது? சறுக்குவண்டியை இழுக்கிறாள். பழைய வண்டி, ஜேபஸ் இழுத்ததுதான், சக்கையாய்ப் போய்விட்டது. எவ்வளவு வேகமாய் நிரப்புகிறாள் பாருங்கள். அங்கே வளர்ந்த உடம்பு.

சூப் ஆறிவிடும் ஐயா. வெளியே எதற்கு? குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. சரி, நானும் வருகிறேன். பார்த்து நடங்கள், வழுக்கும். டார்கஸ் வேறு தொழுவ வாசலுக்கு வந்து நிற்கிறாள். அவளுக்கு எங்கிருந்துதான் மூக்கில் வேர்க்குமோ.

ஏன் நின்றுவிட்டாள்? திட்டிவாசலுக்கு வெளியே போய் நின்று திரும்பிப் பார்க்கிறாள். என்னை இல்லை, உங்களை. நீங்கள் வருவதற்காகக் காத்திருக்கிறாள் போல. குனிந்து போங்கள், தலையில் இடிக்கும்.

கெசியா! கேட்கிறதா? வலது பக்கம்! வலது பக்கம் கொட்டு!

கெசியா வண்டியை இடது பக்கம் திருப்பினாள். மதிலை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, பனி முழுவதையும் சாய்த்தாள். பிறகு காலி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.